உவரியிலிருந்து கச்சாலுக்குப் பதினோரு நிமிடம்

உவரியில் ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டியை மாட்டி, பக்கத்து இருக்கைக்காரரிடம் எந்த ஊர் என்று விசாரித்து முடிப்பதற்குள் கச்சால் வந்துவிட்டது. பணிப்பெண் தள்ளிவந்த தேநீர் வண்டி மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்டதும் உள்ளே இருந்த நாற்பத்தாறு பேரும் கைதட்டினார்கள். கதவு திறந்தபோது அந்தச் சத்தம் வெளியே முழங்கிய தப்பட்டையோடு கலந்துகொண்டது.

கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பவளம் கடிகாரத்தைப் பார்த்து ஏட்டில் எழுதினாள்: பதினோரு நிமிடம். எழுதியதை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே விமானம், இதே எஞ்சின்கள், இதே வழியில் மூன்று மணி இருபது நிமிடம் பறந்தது. பக்கத்தில் மேலாளர் நீலமேகம் நிற்கிறார் என்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீலமேகமும் வேறு பக்கம் திரும்பி அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

கச்சாலில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் பதினோரு நிமிடத்தின் அருமை தெரியும். நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான அதைப் பெரும்பாலான வரைபடங்களில் மை சிந்தியதாக நினைத்து விரலால் துடைத்துப் பார்ப்பார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்களை ரப்பர் போடச் சொல்லி அங்கே இறக்கிவிட்டார்கள். அப்படி இறங்கிய ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை பவளம். மருந்தா, அடுத்த கப்பலில். வாத்தியாரா, அடுத்த கப்பலில். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே அடுத்த கப்பலில் வந்த கதையெல்லாம் உண்டு. அந்த ஊரில் ஓடுதளம் வந்து, அதற்குப் பிறகு சுருக்கியும் வந்தது.

சுருக்கி என்றால் இரண்டு கட்டடங்கள், ஒன்று தமிழ்நாட்டுக் கரையில் இருக்கும் உவரியில், ஒன்று கச்சாலில். ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்த் தொட்டி அளவுதான். இரண்டையும் ஒன்றாக இயக்கினால் நடுவில் உள்ள ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் குறைந்துகொண்டே வரும். விமானம் வேகமாகப் போவதில்லை, வழிதான் குட்டையாகிறது. இது எப்படி என்று பவளம் கேட்டபோது, உவரிப் பக்கத்துச் சுருக்கியைக் கவனித்துக்கொண்ட மச்சாடு வானொலியில் ஓர் உவமை சொன்னார். சேலைக்குக் கொசுவம் வைப்பது மாதிரியாம். ஆறு கஜத் துணி இடுப்பளவில் அடங்கிவிடுகிறது அல்லவா, அந்த மாதிரி. பவளத்துக்கு ஒரே நொடியில் புரிந்துபோனது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

முதல் கட்டத்தில் மூன்று மணி இருபது நிமிடம் இரண்டு மணி ஐம்பதாக இறங்கியது. அடுத்து இரண்டேகால் மணி. பிறகு ஒன்றரை மணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தீவு ஒரு திருவிழா கண்டது. தோவாளை மல்லிகை மொட்டாகவே வந்து இறங்கியது. கச்சால் மீன் செவுள் அசைய அசைய உவரிச் சந்தைக்குப் போனது. உவரிக்குப் பக்கத்துக் கல்லூரியில் படித்துவந்த பவளத்தின் மகள் வேனில், வருடத்துக்கு ஒருமுறை வந்தவள், மாதாமாதம் வந்தாள், பிறகு வாராவாரம் வந்தாள். இன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். பவளம் காலையிலேயே சுறாப்புட்டு செய்து மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

பவளத்தின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விமானம் எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கும், வழியில் காற்று எப்படி, மழை எப்படி என்று கணக்கிட்டுக் கொடுப்பவள் அவள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். பறக்கும் நேரத்தோடு ஒரு கால் மணி நேரத்தைச் சேர்த்து அட்டவணையில் போட்டுவிடுவார்கள். பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் ஐந்து நிமிடம் முன்னால் வந்ததாகப் பெயர். இதற்குப் பஞ்சு வைப்பது என்று பெயர். இந்தக் கலையில் பவளத்தை மிஞ்ச ஆள் கிடையாது. நேரம் தவறாத நிலையம் என்று மூன்று வருடம் தொடர்ந்து கேடயம் வாங்கியிருந்தாள். விமானிகளே அவளைக் கிண்டலாக இலவம்பஞ்சு மேடம் என்பார்கள்.

அவளுடைய தம்பி காத்தமுத்துவுக்குக் கேடயம் எதுவும் இல்லை. கச்சாலுக்கும் எதிரே உள்ள கமோர்ட்டா தீவுக்கும் நடுவில் பதினெட்டு கிலோமீட்டர் நீரிணையில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற படகை அவன் ஓட்டினான். நாற்பது நிமிடப் பயணம். ஒரு கேன் டீசல். அவன் அப்பா ஓட்டிய வழி அது, கண்ணை மூடிக்கொண்டு போவான். அப்படிப்பட்டவன் எட்டு மாதமாகத் தாமதமாக வர ஆரம்பித்தான். எஞ்சின் போய்விட்டது என்றார்கள், மாற்றினான். மறுபடியும் குடிக்கிறான் என்றார்கள். அவன் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. நடுக்கடலில் நிறுத்தித் தூண்டில் போடுகிறான் என்று ஒருவர் கைப்பேசி வரைபடத்தையே நீட்டினார். அதில் படகுப் புள்ளி ஆமையாக ஊர்ந்தது. கடல் நீளமாகிக்கொண்டே போகிறது என்று காத்தமுத்து சொன்னதைக் கேட்டுத் துறைமுகமே சிரித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பவளமும் சிரித்தாள்.

ஆனாலும் தம்பி ஆயிற்றே. பழிச்சொல்லிலிருந்து அவனைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். படகுத்துறைப் பலகையில் நாற்பது நிமிடத்தை அழித்து ஐம்பத்தைந்து என்று அவளே வண்ணம் எடுத்து எழுதினாள். கொஞ்ச நாளில் ஒரு மணி பத்து நிமிடம். பிறகு ஒன்று நாற்பது. தாமதம் என்ற பேச்சே போய்விட்டது. தினமும் காலையில் வானிலைக் குறிப்போடு மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையிலும், உள்ளூர்ப் படகுகள்: தாமதம் இல்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று அவள் மெய்யாகவே நம்பினாள்.

அன்று காலை ஏழு மணிக்குத்தான் சுருக்கியின் கடைசிக் கட்டம் போடப்பட்டது. ஒன்றரை மணி நேரம் பதினோரு நிமிடமானது. பதினோரு மணிக்கு விருந்தினர் விமானம் வந்து இறங்கியது. மாலை போட்டு, இளநீர் கொடுத்து, பந்தலில் உட்காரவைத்து, பேச்சு ஆரம்பித்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு அந்த விமானம் திரும்ப வேண்டும். அது உவரியில் இறங்கியதும் அடுத்தது, அது இறங்கியதும் அடுத்தது என்று மாலைவரை முப்பது நடைகள்.

பதினொன்று பத்துக்குக் கடல் அலைவரிசையில் காத்தமுத்துவின் குரல் வந்தது. எட்டு மணிக்குக் கிளம்பியவன். கமோர்ட்டாவில் இறங்கிச் சாயா குடித்துத் திரும்பியிருக்க வேண்டிய நேரம்.

"அக்கா, கரை தெரியுது. தென்னை மரத்த எண்ணிப்புடலாம் போல இருக்கு. மூணு மணி நேரமா ஓட்டுறேன், கிட்ட வரமாட்டேங்குது."

எஞ்சின் நின்றுவிட்டதா என்று பவளம் கேட்டாள். இல்லையாம். எத்தனை கேன் ஆயிற்று என்று கேட்டாள்.

"நீ ரெண்டர போதும்ன. எனக்கு மனசு கேக்கல, அஞ்சு ஏத்துனேன். நாலர முடிஞ்சிருச்சு. திரும்பி வாறதுக்கும் பத்தாது. பதினோரு பேரு இருக்காங்க அக்கா, ரெண்டு கைப்புள்ள வேற."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் அவள் பதினாறு வருடமாக எரிபொருளோடு வாழ்கிறவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், கடிகாரத்தையும் பொய் சொல்ல வைக்கலாம் என்பது அவளுக்கே தெரியும். எரிந்துபோன டீசல் பொய் சொல்லாது. ஒரு கேனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். நாலரை கேனுக்கு எண்பத்தொன்று. பதினெட்டு கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையில் ஒருவன் நேர்கோட்டில் எண்பத்தொரு கிலோமீட்டர் போயிருக்கிறான், இன்னும் கரை சேரவில்லை.

அவள் தன்னுடைய நாட்குறிப்பை இழுத்துப் பிரித்தாள். விமான நேரம் இரண்டு ஐம்பதான நாளுக்கு நாலாம் நாள், படகுப் பலகையில் ஐம்பத்தைந்து. இரண்டேகால் ஆன அடுத்த வாரம், ஒன்று பத்து. ஒன்றரை ஆனபோது ஒன்று நாற்பது. எல்லாம் அவள் கையெழுத்து. ஒரு பக்கம் குறைந்தபோதெல்லாம் இன்னொரு பக்கம் ஏறியிருக்கிறது. உவரிக்கு வானொலியைத் திருப்பினாள்.

"மச்சாடு அண்ணே, அன்னிக்குக் கொசுவம்னு சொன்னீங்க. கொசுவத்த எங்க சொருகுனீங்க?"

மச்சாடு மெதுவாகச் சொன்னார். "யாருமே இத கேக்கலயேன்னு நெனச்சேன் மேடம். தூரத்த அழிக்க முடியாது பாத்துக்கிடுங்க. ஒரு எடத்துல எடுத்தா இன்னொரு எடத்துல வெக்கத்தான் வேணும். பெருங்கடல் பூராவும் பரத்தி வெச்சா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொன்னாவ. அப்படித்தான் வெச்சோம்."

பிறகு நடந்ததை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கப்பல் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. தங்கள் கப்பல்கள் கூடுதலாக எரிக்கின்றன என்று சத்தம் போட்டன. அதனால் கடைசிக் கட்டத்தில், கப்பல் வழி எதுவும் பதிவாகாத, தாமதப் புகாரே வராத வெறுங்கடலாகப் பார்த்து அந்தக் கட்டத்தின் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. அறுநூற்று அறுபது கிலோமீட்டர். ஊர்க்காரர்களே ஓட்டிக்கொண்ட படகு எந்த வரைபடத்தில் இருக்கிறது? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

"கச்சாலுக்குக் கெழக்க ஒரு நீரிணை. அங்க ஒண்ணும் போகல்லன்னுதான் காட்டுச்சு," என்றார். "எட்டு மாசத்துல அங்கருந்து ஒரு தாமதக் குறிப்பு வந்திருந்தாக்கூட சுருக்கி தானா நின்னிருக்கும் மேடம். ஒண்ணுகூட வரல்ல."

வராது. எப்படி வரும்? இருநூற்று நாற்பது நாள், தாமதம் இல்லை என்று எழுதி அனுப்பியவள் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறாள். தம்பி உண்மையைச் சொன்னபோது ஊரோடு சேர்ந்து சிரித்தாள்; சிரித்தது போதாதென்று அவன் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சியையும் தன் கையாலேயே வண்ணம் பூசி மறைத்துவிட்டாள்.

"அந்தக் கடல்ல என் தம்பி நிக்கிறான் அண்ணே," என்றாள். "பதினோரு பேரோட."

அதற்குப் பிறகு இருவரும் வீண்பேச்சு பேசவில்லை. மீட்கப் படகு அனுப்பலாமா என்றால், போகிற படகும் அதே எண்பத்தொரு கிலோமீட்டரைக் கடந்துதான் ஆக வேண்டும், மூன்று மணி நேரம். பவளத்தின் மேசையில் காலையில் அவளே வரைந்த வானிலைத் தாள் கிடந்தது. தென்மேற்கிலிருந்து ஒரு சூறை மழை வரிசை ஒன்றரை மணிக்கு நீரிணைக்கு வரும் என்று அவளே கோடு போட்டிருந்தாள். எஞ்சின் ஓடாத திறந்த படகு சூறைக்கு முகம் காட்டி நிற்க முடியாது, கவிழ்ந்துவிடும். மீதி ஒரே வழி, சுருக்கியை அவிழ்ப்பது.

அவிழ்த்தால் படகு எங்கே இருக்கும் என்று கேட்டாள். வழியில் எத்தனையில் ஒரு பங்கு போயிருக்கிறதோ, பழைய வழியிலும் அத்தனையில் ஒரு பங்கில் இருக்கும் என்றார் மச்சாடு. பவளம் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். கச்சால் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நீந்தத் தெரிந்தவன் நீந்தியே வந்துவிடுவான்.

ஆனால் அவிழ்க்க இரண்டு நிபந்தனைகள். வானத்தில் ஒரு விமானமும் இருக்கக் கூடாது. பதினோரு நிமிடத்துக்கான எரிபொருளோடு பறப்பவனுக்கு நடுவழியில் மூன்று மணி நேரக் கடலை விரித்துப் போட்டால் என்ன ஆகும்? இரண்டாவது, இரண்டு கரையிலும் சாவியை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒருமுறை அவிழ்த்தால் முழுவதும் அவிழும். மறுபடி சுருக்குவதற்கு வருடங்கள் ஆகும்.

"இப்ப வானம் காலியா கெடக்கு," என்றார் மச்சாடு. "உங்க விமானம் அங்க நிக்கி, எங்களது இங்க நிக்கி. பதினொன்னே முக்காலுக்கு உங்களது கெளம்பிச்சுன்னா பொழுதடையுற வரைக்கும் ஏதாவது ஒண்ணு மேல இருந்துக்கிட்டேதான் இருக்கும். நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் கெடையாது. என் சாவி என் கையில இருக்கு. நீங்க சொல்லுங்க, திருப்புதேன்."

மணி பதினொன்று முப்பத்திரண்டு. பந்தலில் யாரோ ஒருவர் தூரம் என்னும் பகையை வென்றோம் என்று ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற நீலமேகத்துக்கு விஷயம் பாதி புரிந்திருந்தது, மீதியைப் பவளம் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது. நல்ல மனிதர்தான். அனுமதி கேட்கலாம் என்றார். அனுமதி எப்போது வரும் என்று பவளம் கேட்டாள். இரண்டு மணிக்குள் வந்துவிடும் என்றார். சொல்லும்போதே அவர் கண் வானிலைத் தாளின் மேல் விழுந்தது.

"இந்த ஊரு நம்மள சும்மா விடாது பவளம்," என்றார் நீலமேகம். "நேத்து வந்த சந்தோஷத்த இன்னிக்குப் புடுங்குனா யாரு பொறுப்பாங்க?"

அது அவளுக்குத் தெரியாதா? உவரியில் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பத் தயாராக ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். இந்தச் சாவியைத் திருப்பினால் மகள் மறுபடி வருடத்துக்கு ஒருமுறை வருகிறவளாகிவிடுவாள். சுறாப்புட்டு ஆறிப் போவது மட்டுமா, ஒரு பெண் அம்மாவைப் பார்க்காமலே பெரியவளாகிப் போவாள். பவளம் ஒரு நிமிடம் அழுதாள். நன்றாகவே, சத்தம் வர அழுதாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் பொறுப்பில் இருந்த கச்சால் சுருக்கியின் சாவியை எடுத்தாள்.

நீலமேகம் கையில் கைப்பேசி இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும், மேலிடம் அவளைத் தடுத்திருக்கும். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இங்கே இல்லை. பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக்கொள்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். பதற்றத்தில் அவருக்கு அலுவலகக் கடிதத் தமிழ்தான் வாயில் வந்தது.

பவளம் புல்வெளியைக் குறுக்கே கடந்து சுருக்கிக் கட்டடத்துக்கு ஓடினாள். நாற்பது வயதில் அப்படி ஓடியது அவளுக்கே ஆச்சரியம். இடுப்பில் செருகியிருந்த கைவானொலியில் மச்சாடு எண்ணினார். மூன்று, இரண்டு, ஒன்று. திருப்பினாள். இடி இல்லை, மின்னல் இல்லை. காதடைத்துத் திறந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நொடி மச்சாடுவின் குரலில் பழைய கரகரப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே தூரத்துக் கரகரப்பு.

படகுத்துறைக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் நாலு வள்ளங்கள் கிளம்பியிருந்தன. கரையிலிருந்து கண்ணால் பார்க்கிற தூரத்தில், இரண்டு கிலோமீட்டரில், காத்தமுத்துவின் படகு ஆடிக்கொண்டு நின்றது. அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து துறையில் சேர்த்தபோது மணி ஒன்று. ஒன்றே காலுக்குச் சூறை வந்து பந்தலைப் பிய்த்து எறிந்தது. பதினோரு பேரும் இரண்டு கைக்குழந்தைகளும் துறைமுகக் கொட்டகையில் நனையாமல் நின்றார்கள். பவளம் ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

காத்தமுத்து கடைசியாக இறங்கினான். உதடு வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்தான், அவள் எழுதிய பலகையைப் பார்த்தான்.

"இனிமே இதுல என்னா நேரம் போடப் போற?" என்று கேட்டான்.

அவள் அவன் காலில் விழவில்லை, அதுதான் பாக்கி. மன்னிச்சிருடா என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

ஊர் சும்மா விடவில்லை. நீலமேகம் சொன்னது பலித்தது. மறுபடி விமானம் வந்தபோது மல்லிகை வாடி வந்தது. மீன் பெட்டிகளுக்கு மறுபடி ஐஸ் தேடினார்கள். சந்தையில் பவளத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பியவர்கள் உண்டு. எல்லோரையும்விட அதிகம் திட்டியவர்கள் விருந்தினர்கள்தான். பதினோரு நிமிடப் பயணத்துக்கு எதற்கு என்று கச்சாலின் எரிபொருள் தொட்டியைப் போன மாதம்தான் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். கப்பலில் எரிபொருள் வரும்வரை தூரம் என்னும் பகையை வென்றவர்கள் ஒன்பது நாள் கிழங்கும் கருவாடும் தின்றுகொண்டு தீவில் கிடந்தார்கள். ஆனால் படகில் இருந்த பதினோரு பேரின் வீடுகளிலிருந்து பவளத்தின் வீட்டுக்குத் தினம் ஒருவர் ஏதாவது ஒரு பாத்திரத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். வேனில் தொலைபேசியில் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அழைத்து, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பவளத்துக்கு அது போதுமாக இருந்தது.

விசாரணைக் குழு கப்பலில் வந்தது. கடல் மயக்கம் தெளிந்ததும், தண்டனை என்று எதையும் பேசாமல், மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்கள். சுருக்கி நல்ல கண்டுபிடிப்பு, இடம்தான் தவறிப்போனது என்றார்கள். அவளுக்கு இந்தக் கடல் தெரியுமே, யாருமே போகாத ஒரு வெறும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் அங்கே வைத்துவிடலாமாம். பவளம் அதைத் தம்பியிடம் எடுத்துப் போனாள். காத்தமுத்துவும் மற்றப் படகோட்டிகளும் சேர்ந்து மூன்று நாளில் கோடு போட்டுப் போட்டு அந்த நீல நிறத்தையே காணாமல் அடித்துவிட்டார்கள். இது சூரை மீனுக்குப் போகிற வழி, இது பெண் எடுத்த ஊருக்குப் போகிற வழி, இது நிக்கோபாரிகள் பன்றித் திருவிழாவுக்குத் தோணியில் போகிற வழி, இது ஆமை முட்டையிட வருகிற வழி. அவளுக்குத் தெரியாத வழிகள் அவளுக்குத் தெரிந்தவற்றைவிடப் பத்து மடங்கு. குழு அந்த வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. இரண்டு கரையிலும் சாவிகளை அரக்கு வைத்து மூடினார்கள்.

அதற்குப் பிறகு பவளம் அட்டவணையில் பஞ்சு வைப்பதை விட்டுவிட்டாள். மூன்று இருபது என்றால் மூன்று இருபது. தாமதமானால் தாமதம் என்று எழுதினாள். அந்த வருடம் கேடயம் வேறு நிலையத்துக்குப் போனது.

நாலாவது மாதம், காற்றே இல்லாத ஒரு காலையில், உவரி விமானம் மூன்று மணி இருபத்து மூன்று நிமிடத்தில் இறங்கியது. அவள் அப்படியே எழுதினாள். மறுநாளும் இருபத்து மூன்று. அதற்கு மறுநாளும் அதுவே. வானிலை பலூனை விட்டுப் பார்த்தாள், மேலே எதிர்காற்று இல்லை. விமானியைக் கேட்டாள், வேகம் குறையவில்லை. தொட்டியில் மிஞ்சிய எரிபொருளை அளந்தாள். மூன்று நாளும் ஒரே அளவு குறைந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் உவரிக்கும் கச்சாலுக்கும் நடுவில் இருபத்தைந்து கிலோமீட்டர் கூடியிருந்தது.

வானொலியில் மச்சாடுவைப் பிடித்தாள். சுருக்கியைத் தொட்டீர்களா என்று நேராகவே கேட்டாள்.

"அரக்கு வெச்சது வெச்சபடி இருக்கு மேடம். கட்டடத்துக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு. நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எங்க விமானிக்கும் நேத்து மூணு நிமிசம் கூடுதல்."

"அப்போ இது யாரோட தூரம் அண்ணே?"

கரகரப்புக்குள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் எங்கோ ஒரு மேசையில் ஒரு வரைபடம் விரிந்திருக்கிறது. உவரிக்கும் கச்சாலுக்கும் நடுவில் உள்ள நீலத்தின் மேல் ஒருவர் விரலை வைத்து, இங்கே யாரும் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். இன்று இருபத்தைந்து கிலோமீட்டர். கேட்பாரில்லை என்றால் அடுத்த கட்டம் வரும். பவளத்துக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஒன்று. அந்தப் பதினோரு நிமிடக் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது.

புகார் எழுதலாமா என்று மச்சாடு கேட்டார். எந்த அலுவலகத்துக்கு என்றுதான் தெரியவில்லை என்றார்.

"அலுவலகம் வேணாம் அண்ணே," என்றாள் பவளம். "எங்கயோ ரெண்டு சின்ன விமான நிலையம் போன வாரத்துலருந்து ரொம்பச் சந்தோசமா இருக்கும். அதத் தேடுங்க."